அரக்கனின் பின்பாதி

வால் என்று நாங்கள் எல்லோரும் அழைத்த மனிதர், எங்கள் நாடக அரங்கில் இருபத்து மூன்று ஆண்டுகளும் ஏழு மாதங்களும் ஓர் அரக்கனின் பின்பாதியாக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அரக்கன் 1,386 முறை மேடையேறியிருக்கிறான். இந்த எண்ணில் சந்தேகம் வேண்டாம். தொடங்கிய மணி, முடிந்த மணி, வந்தவர் எண்ணிக்கை, மேடையில் நேர்ந்த தவறு எல்லாவற்றையும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுதுவதுதான் அங்கே என் வேலை. அந்த 1,386 முறையில் வாலின் முகத்தைப் பார்த்த ரசிகர்கள் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும். ஒருவரும் இல்லை.

அரக்கன் பதினொரு அடி நீளம். பிரம்புச் சட்டத்தின் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் துணி, துணியின் மேல் செதில் செதிலாக வெட்டித் தைத்த ரப்பர். பதினான்கு கிலோ என்று எல்லோரும் சொல்வார்கள். நான் தராசில் வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று கிலோ அறுநூறு கிராம். முன்பாதிக்குள் ஒருவர் நிமிர்ந்து நிற்பார். அவரைத் தலை என்று கூப்பிடுவோம். பின்பாதிக்குள் வால் குனிந்து, தலையின் பெல்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடப்பார்.

தலைக்கு அரக்கனின் வாய் வழியாக எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் தெரிவார்கள். காதைப் பஞ்சு அடைத்துவிடும். மேடையில் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. வாலுக்கு அடிவயிற்றுப் பக்கம் ஒரு கையகல இடைவெளி இருந்தது. தரையில் ஒட்டிய வெள்ளை டேப் அதில் தெரியும், இசையும் கேட்கும். ஆகவே விரல் முட்டியால் வலது இடுப்பில் ஒரு தட்டு என்றால் வலப்பக்கம் திரும்பு, இடது இடுப்பில் தட்டினால் இடப்பக்கம். இரண்டு தட்டு, நில். முதுகில் உள்ளங்கையால் ஒரு தள்ளு, கர்ஜி. குழந்தைகள் தலையைப் பார்த்துத்தான் அலறினார்கள். எப்போது அலற வேண்டும் என்று முடிவு செய்தவர் வால்.

அவர் நடிக்க வந்தவர் அல்ல. அரங்கின் உடைந்த நாற்காலிகளைச் சரிசெய்ய வந்த தச்சர். அன்று பழைய பின்பாதிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலாளர் ஓடிவந்து, "அண்ணே, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க" என்றார். அந்த ஒரு நாள்தான் இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயிற்று. பழுதுபார்க்க வந்த நாற்காலிகளில் நான்கு இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

அவருடைய மனைவி இஸ்திரிக் கடையில் வேலை செய்பவர். முதல் ஆண்டிலேயே நாடகம் பார்க்க வந்தார். முடிந்ததும் வாசலில் நின்றுகொண்டு கணவரிடம் கேட்டார்.

"இதுல எது நீங்க?"

"பின்னாடி ரெண்டு காலு."

"நாலும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"நான் சரியா நடந்தேன்னு அர்த்தம்" என்றார் வால், பெருமையாக.

"அப்ப கடைசியில எல்லாரும் கைதட்டும்போதாவது வெளிய வந்து மூஞ்சியக் காட்டியிருக்கலாம்ல?"

அதற்கு வழியில்லை. பின்பாதியைத் திறக்கும் கொக்கி முன்பாதியின் பெல்ட்டுக்கு அடியில் இருந்தது. நாடகம் முடிந்ததும் தலை அரக்கத் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வணக்கம் சொல்வார். அவர் முழுவதும் வெளியேறினால்தான் வால் வெளியே வர முடியும். அதற்குள் திரை விழுந்துவிடும். நான் அளந்த வரையில் வால் பதினோரு விநாடி தாமதம். "உடுப்பைப் பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்களேன்" என்று மனைவி ஆண்டுக்கு ஒருமுறை சொல்வார். "கேட்டுப் பார்க்கறேன்" என்று இவரும் ஆண்டுக்கு ஒருமுறை சொல்வார். அந்த முதல் முறைக்குப் பிறகு அந்த அம்மா நாடகம் பார்க்க வரவில்லை. குனிந்து குனிந்து கிழியும் கால்சட்டைக்குப் பின்பக்கம் ஒட்டுப் போட்டுக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குப் புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். வயது முப்பத்தொன்று. ஒரு மடிக்கணினி, ஒரு தண்ணீர் பாட்டில், கழுத்தில் மூன்று சுற்றுத் துண்டு. பல தேசத்து நாடக விழாக்களைப் பார்த்தவர் என்று மேலாளர் அறிமுகப்படுத்தினார். நடிகர்கள் ஒன்பது பேரையும் வட்டமாகத் தரையில் உட்காரச் சொன்னார். நான் நாற்காலியிலேயே இருந்துகொண்டேன். தரையில் உட்கார்ந்தால் எழுத வராது.

"அரக்கன்னா கொம்பு, பல்லு, செதில் இதெல்லாம் இல்ல" என்று இயக்குநர் தொடங்கினார். "அது பழைய பொய். அரக்கன் ஒரு கேள்வி."

தலை கையைத் தூக்கினார். "கேள்விக்கு நான் என்ன சார் போட்டுக்கணும்?"

"எதுவும் போட்டுக்க வேணாம்."

ஓரத்தில் ஊசியும் நூலுமாக நின்ற உடைக்கார அம்மா திடுக்கிட்டுப் போனார். "எதுவுமேயா?"

"சாதாரணச் சட்டை போதும்மா. அரக்கன் நமக்குள்ள இருக்கான். அவனை வெளிய எடுக்கறதுதான் இந்த நாடகம்."

"உள்ள இருக்கறதுன்னா முன்பாதியிலயா, பின்பாதியிலயா?" என்று வால் மிகுந்த மரியாதையோடு கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. வேலை சம்பந்தப்பட்ட சந்தேகம்.

இயக்குநர் அவரை நெடுநேரம் பார்த்தார். "நீங்க யாரு?"

"வால் சார்."

இயக்குநரின் முறை இது. ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்பு நோட்டு. தான் வாழ்க்கையில் செய்த அரக்கத்தனம் ஒன்றைத் தினமும் அதில் எழுத வேண்டும். காலை பதினொரு மணிக்கு வட்டத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். யாருக்குள் இருக்கும் அரக்கன் பெரியவனோ அவருக்கு அரக்கன் வேடம். மற்றவர்கள் ஊர்மக்கள். உள்ளே அரக்கனே இல்லாத ஆளுக்கு இந்த நாடகத்தில் இடமில்லை. அவர் மேடையிலிருந்து வாசல் வேலைக்குப் போக வேண்டியதுதான். நோட்டுகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். வாலுடையது ஏழு.

மறுநாள் முதலில் வாசித்தவர் தலை. ஆற்றில் நண்பன் ஒருவன் மூழ்குவதைக் கரையில் நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அந்த நண்பனின் கடைசிக் கை இன்றும் கனவில் வருவதாகவும் நடுங்கும் குரலில் படித்தார். இயக்குநரின் கண்கள் கலங்கிவிட்டன. "இதுதான். இதுதான்" என்று முணுமுணுத்தார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அரங்கில் நாற்பத்திரண்டு முறை நடந்த நாடகத்தின் இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி அது. அந்த நாடகத்தில் மூழ்கிச் சாகிறவராக நடித்தவர்தான் தலை.

அடுத்து கதாநாயகி. பொறாமையால் தன் இரட்டைச் சகோதரியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டதாக வாசித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பணியாளர் கோப்பின்படி அவர் வீட்டுக்கு ஒரே பெண். வீடும் தரைத்தளம். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு, "உண்மை சுடுது" என்றார். என்னை யாரும் கேட்காததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்புப் பகுதியில் எழுதிக்கொண்டேன்.

வாலின் முறை வந்தது. எழுந்து நின்றார். பழக்கத்தில் சற்றுக் குனிந்தார்.

"நேத்து பஸ்ல ஒரு பெரியவர் நின்னுக்கிட்டு வந்தாரு. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்."

இயக்குநர் காத்திருந்தார். "அப்புறம்?"

"அப்புறம் நிஜமாவே தூங்கிட்டேன் சார். ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கினேன்."

கதாநாயகி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இரண்டாம் நாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உடைந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு முழு பிஸ்கட்டைத் தான் தின்றதாக வாசித்தார். மூன்றாம் நாள் பக்கத்தில், "இன்று ஒன்றும் செய்யவில்லை. விடுமுறை" என்று இருந்தது.

"சார்" என்றார் இயக்குநர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "இது அரக்கத்தனம் இல்ல. இது அசதி. அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் பாருங்க. உங்களுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வால் பயந்துபோனார். நாற்காலி வேலை மறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மேடை ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த இடம். அதிலும் தரை மட்டும்தான் தெரியும். அதுவும் போய்விடும் என்றால் எந்த மனிதனும் கொஞ்சம் கெட்டவனாக மாறப் பார்ப்பான். அவரும் பார்த்தார். ஏழாம் எண் நோட்டில் உள்ளபடி, புதன்கிழமை தபால் அலுவலகத்தில் பதினாறு பேர் நின்ற வரிசையில் நேராக முன்னால் போய் நுழைந்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை. "பாவம், என்ன அவசரமோ, விடுங்க" என்று வழிவிட்டார்கள். ஒரு அம்மா தன் பார்சலையும் இவரிடம் கொடுத்து, "அப்படியே இதையும் போட்டுருங்க தம்பி" என்றார். இவர் முகவரியைச் சரிபார்த்து ஒட்டி அனுப்பிவிட்டு வந்தார்.

அன்று மாலை மனைவியிடம் கேட்டாராம். இதை அந்த அம்மாவே பின்னர் எனக்குச் சொன்னார்.

"நான் உங்கிட்ட எப்பவாவது அரக்கன் மாதிரி நடந்துக்கிட்டிருக்கேனா?"

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுவீங்க."

"அது இல்ல. பெரிசா."

"பெரிய துண்டையும்தான் போடுவீங்க."

"விளையாடாத. நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்கு வேலை போயிடும்."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "நீங்க யாரையும் குட்டினதில்ல. குட்டக் குட்டக் குனிஞ்சதுதான் உண்டு. அதை வேணா எழுதுங்க. உங்களைக் கட்டிக்கிட்டவளுக்கு நீங்க செஞ்ச கொடுமை அது ஒண்ணுதான்."

அவர் அதை எழுதவில்லை. வியாழக்கிழமை தபால் அலுவலகக் கதையைத்தான் வாசித்தார். பார்சல் வந்த இடத்தில் வட்டம் முழுவதும் சிரித்தது. தலையும் சிரித்தார். வால் அவரைத் திரும்பிப் பார்த்தார். இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்த முதுகை மட்டுமே பார்த்தவர், அதன் மறுபக்கம் எப்படிச் சிரிக்கும் என்று அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

தலைக்கு அரக்கன் வேடம் உறுதியாயிற்று. வாலை ரசிகர்கள் நுழையும் இடப்பக்கக் கதவுக்கு மாற்றினார்கள். டிக்கெட்டைக் கிழிக்கும் வேலை. பதிவேட்டில் 'அரக்கன், பின்பாதி' என்ற வரியைச் சிவப்பு மையால் நான்தான் அடித்தேன். அளவுகோல் வைத்து அடித்தேன். அரக்கத் தலையைக் கழற்றி முன்கூடத்தில் ஒரு பீடத்தில் வைத்து, கீழே 'பழைய பயம்' என்று அட்டை எழுதி மாட்டினார் இயக்குநர். பின்பாதியையும் வைக்கலாமா என்று உடைக்கார அம்மா கேட்டார். "அது ஒண்ணும் பேசலையே" என்றார் அவர். பின்பாதி சாமான் அறைக்குப் போனது.

ஒத்திகை முப்பத்தெட்டு நாள் நடந்தது. அதில் முப்பத்தைந்து நாள் உட்கார்ந்து பேசினார்கள். எழுந்து நடந்தது மூன்று நாள். அந்த மூன்று நாளும் இயக்குநரே தலையின் தோளைப் பிடித்து, "இங்க நில்லுங்க, இப்பத் திரும்புங்க" என்று நகர்த்திக்கொண்டிருந்தார். தரையில் டேப் ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு, "உண்மைக்கு டேப் வேணாம்" என்றார். வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்கத் திரைக்குப் பின்னால் ஆள் வேண்டுமே என்றேன். "உண்மை மறக்காது ஐயா" என்றார்.

முதல் காட்சி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணி. வந்தவர்கள் 187. நான்கு மணி ஆறு நிமிடத்துக்குத் திரை உயர்ந்தது. தலை வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக நடந்துவந்து நடு வெளிச்சத்தில் நின்றார். வலப்பக்கம் திரும்பி, "நான்தான்" என்று கத்த வேண்டும். அதுதான் அரக்கனின் முதல் வசனம்.

அவர் திரும்பவில்லை.

ஊர்மக்கள் ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தார். ஒரு நிமிடம் போயிற்று. என் மேசை மேடையின் பக்கத் திரையை ஒட்டி இருந்ததால் எனக்கு அவருடைய முதுகு தெரிந்தது. இடுப்பை லேசாகப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு இடப்பக்கக் கதவைப் பார்த்தபோது புரிந்தது. கிழித்த டிக்கெட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வால் நின்றிருந்தார். அவருடைய வலது கை தானாக மடங்கி, விரல் முட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தலை தட்டுக்காகக் காத்திருந்தார். கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, காதுக்கு எல்லாம் கேட்டது, வசனமும் நினைவிருந்தது என்று பின்னால் சொன்னார். உடம்புதான் கேட்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக எவனோ தட்டினால்தான் திரும்பும் உடம்பு அது.

கதவிலிருந்து மேடைப் படிக்கு வாலுக்குப் பதினான்கு எட்டு வைக்கும் தூரம். அவர் நகரவில்லை. கையை விரித்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் அதற்கு முன் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

நான்கு நிமிடம் பத்து விநாடி. பின்வரிசையில் யாரோ குடையைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் தலை துள்ளித் திரும்பி, "நான்தான்!" என்று அலறினார். அரங்கம் அதிரக் கைதட்டியது.

மறுநாள் பத்திரிகையில், 'நான்கு நிமிட மௌனம்: நம் காலத்தின் அலறல்' என்று தலைப்பு. பேசாத அரக்கன்தான் பெரிய அரக்கன் என்று அதில் எழுதியிருந்தது. அந்த மௌனத்தைத் தாம் எட்டு மாதம் யோசித்ததாக இயக்குநர் பேட்டி கொடுத்திருந்தார். அரங்குக்கு வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே எல்லாக் காட்சியிலயும் நாலு நிமிஷம் பத்து விநாடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார். என்னிடம் விநாடி முள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தலையின் முகம் வெளிறிவிட்டது. ஒவ்வொரு நாளும் குடைக்கு எங்கே போவது?

அன்று பகல் ஒப்பனை அறையில் தலை முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் அலமாரியில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதில் ஏழாம் எண் மட்டும் திரும்பி வரவில்லை. அப்போது வால் அந்த நோட்டோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தும் தயங்கவில்லை.

"டேய் தலை. ஒண்ணு எழுதிட்டு வந்திருக்கேன். வாசிக்கட்டுமா?"

"அரக்கன் வேஷம் எனக்குக் குடுத்தாச்சுடா. இப்ப எதுக்கு?"

வால் வாசித்தார். "ஞாயிற்றுக்கிழமை என் கூட்டாளி மேடையில் தவித்துக்கொண்டு நின்றான். எனக்கு மட்டும் தெரியும். நான் போகவில்லை. எனக்கு நன்றாக இருந்தது."

தலை முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றார். தண்ணீர் சட்டையில் சொட்டியது.

"தெரியும்டா" என்றார் கடைசியில். "கதவாண்ட உன் மூச்சு கேட்டுச்சு."

"இவ்வளவு தூரத்துலயா?"

"இத்தனை வருஷமா என் முதுகுல விட்ட மூச்சு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா கூப்பிடல?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது? நீ பார்சல் கதை சொன்னப்போ எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சவன் நான்தானே."

வால் நோட்டை மூடினார். "நீ வாசிச்சியே ஒரு ஆத்துக் கதை..."

"அது நாடகத்துல வந்ததுடா."

"எனக்குத் தெரியாதா? அதுல முழுகினவன் நீ. இப்பவும் முழுகினவன் நீதான். கரையில நின்னு பார்த்தவன்தான் இந்தத் தடவை ஆள் மாறிட்டான், அது நான்."

பிறகு தலை துண்டை எடுத்துக்கொண்டே, "இதைப் போய் அந்த ஆளுகிட்ட வாசி. அரக்கன் வேஷத்தை உனக்கே குடுத்துடுவான்" என்றார்.

"எனக்கு எதுக்கு? எனக்கு நிமிர்ந்து நிக்கத் தெரியாது."

நோட்டை என்னிடம் நீட்டினார். திருப்பித் தந்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

இரண்டாம் காட்சி வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணி. வந்தவர்கள் 212, இருக்கை முழுவதும் நிரம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை இஸ்திரிக் கடைக்கு விடுமுறை. வாலின் மனைவியும் வந்திருந்தார். கணவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டோடு மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். மேடையைப் பார்க்க வரவில்லை, டிக்கெட் கிழிக்கும் அழகைப் பார்க்க வந்ததாக என்னிடம் சொன்னார்.

தலை வந்து நின்றார். நான் விநாடி முள்ளைப் பார்த்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம். ரசிகர்கள் மரியாதையாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தரை நிமிடத்தில் ஒருவர் நம்பிக்கையோடு கைதட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யாருடைய கையிலும் குடை இல்லை. அன்று நல்ல வெயில். கடைசி வரிசையில் இயக்குநர் முதலில் பூரித்துப்போய் இருந்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நகத்தைக் கடித்தார். தலையின் இடுப்பு இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தது.

ஏழு நிமிடம் இருபது விநாடியில் வால் டிக்கெட் பெட்டியை நாற்காலியில் வைத்தார். பதினான்கு எட்டு நடந்தார். மூன்று படி ஏறினார். வாசல்காரருக்குக் கொடுக்கும் நீலச் சட்டையோடு, இரண்டு பெரிய ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு மேடைக்குள் போய், தலைக்குப் பின்னால் இடுப்பை ஒடித்துக் குனிந்து பெல்ட்டைப் பிடித்தார். வலது இடுப்பில் ஒரு தட்டு.

தலை திரும்பினார்.

முதுகில் ஒரு தள்ளு.

"நான்தான்!"

அந்தச் சத்தம் அரங்கில் எதிரொலித்தது. இரண்டாம் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். இயக்குநரும் எழுந்தார், நிறுத்தச் சொல்லத்தான் எழுந்தார் என்பது என் கணிப்பு. சுற்றிலும் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் உட்கார்ந்து எதையோ வேகமாக எழுதத் தொடங்கினார். மிச்சமிருந்த ஐம்பத்து இரண்டு நிமிடமும் அரக்கன் நான்கு கால்களால் நடந்தான். செதில் இல்லை, கொம்பு இல்லை. ஒருவர் நிமிர்ந்து உலகத்தையே திட்டிக்கொண்டிருக்க, ஒருவர் பின்னால் குனிந்து அவரை நடத்திக்கொண்டிருந்தார். டேப் இல்லாத தரையில், ஞாயிற்றுக்கிழமை கதவிலிருந்து பார்த்ததை வைத்தே, வால் ஓர் அடியைக்கூடத் தப்பாக வைக்கவில்லை. தவறு என்ற பகுதியில் 'இல்லை' என்று எழுதினேன்.

நாடகம் முடிந்தது. எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். தலை வணக்கம் சொன்னார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வால் மட்டும் பெல்ட்டை விடாமல் அப்படியே குனிந்திருந்தார். கொக்கி இல்லை, உடுப்பு இல்லை, பதினோரு விநாடி காத்திருக்க வேண்டியதும் இல்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் வரிசை ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இஸ்திரிக் கடை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"ஏங்க! நிமிருங்களேன்!"

கைதட்டல் சட்டென்று அடங்கியது.

"நிமிருங்கன்னு சொல்றேன்ல! யாரு புடிச்சுக்கிட்டிருக்கா உங்களை?"

வால் கையை விட்டார். மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தார். வெளிச்சம் கண்ணில் குத்தியதால் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையைத் தேடினார். தலை ஓரடி விலகி இடம் விட்டார். ஒன்பது விநாடி. பிறகு திரை விழுந்தது. 1,386 காட்சிகளுக்குப் பிறகு அது முதல் முறை.

பத்திரிகையில், 'அதிகாரத்தின் பின்னால் குனிந்து நிற்கும் நாம்' என்று எழுதினார்கள். 'ரசிகர் கூட்டத்திலிருந்து எழும் அந்தப் பெண்குரல்' என்று தனிப் பத்தியே இருந்தது. இதற்கு எத்தனை மாதம் யோசித்தீர்கள் என்று கேட்டதற்கு இயக்குநர் தன்னடக்கத்தோடு சிரித்ததாகவும் இருந்தது. அடுத்த நாளே அவர் இஸ்திரிக் கடைக்குப் போய் நின்றார்.

"அம்மா, அந்தக் குரல் எனக்கு தினமும் வேணும்."

"தினமும் கத்தறதுக்கு எனக்கு வீடு இருக்கு சார்."

"நீங்க ஒரு பெரிய கலைஞர்."

"இருக்கட்டும். சட்டை இஸ்திரிக்கு இருந்தா குடுங்க. கசங்கியிருக்கு."

வேறு வழியில்லாமல், கதாநாயகியை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்து, "நிமிருங்களேன்" என்று கத்தச் சொன்னார்கள். நன்றாகத்தான் கத்தினார்; இரட்டைச் சகோதரிக்கு அழுததைவிட நன்றாக. ஆனால் வால் நிமிரவில்லை. இயக்குநர் கெஞ்சினார், தலை பெல்ட்டைக் கழற்றிக்கூடப் பார்த்தார். "வரணும்னுதான் நினைக்கறேன் சார். உடம்பு கேக்க மாட்டேங்குது" என்றார் வால். தலை அதற்குச் சிரிக்கவில்லை.

சிவப்பு மையால் அடித்ததை அழிக்கப் பதிவேட்டு விதியில் இடமில்லை. அதற்குக் கீழே புதிய வரியில் 'அரக்கன், பின்பாதி' என்று எழுதித் தேதி போட்டேன். ஏழாம் எண் நோட்டு அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை இயக்குநர் இன்றுவரை கேட்கவில்லை.

நாடகம் அதன்பின் முப்பத்தொரு முறை நடந்தது. அதில் வால் நிமிர்ந்தது ஆறு முறை. ஆறும் வெள்ளிக்கிழமை, இஸ்திரிக் கடைக்கு விடுமுறை நாள். முதல் வெள்ளிக்கிழமை காட்சி முடிந்து வெளியே வந்ததும் அவர் மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"மூஞ்சி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஷேவ் பண்ணாம வந்திருக்கீங்க."

அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஷேவ் செய்துகொண்டு வந்தார்.